இரண்டு லிஸ்ட்டிலும் இல்லாதவள்

நான் பொய் சொல்கிறவள்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறேன். பார்க்காத பிரஷரை 110/70 என்று போட்டிருக்கிறேன். என்னைப் போலப் பதினாறு வருடம் கிராம நர்சாகக் குப்பை கொட்டியவர்கள் யாரும், நெஞ்சில் கை வைத்து, அப்படிச் செய்ததே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கே எழுதப் போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்றைக்கு யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினேன் என்பது இன்னும் என் செல்போனில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தெரசா. மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர் வந்தால் புங்கனேரி. அங்கே துணை சுகாதார நிலையம். முன்னால் ஹால், பக்கத்தில் பரிசோதனை அறை, பின்னால் நான் தங்கும் ஒற்றை அறை. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் நான் தனி. பயந்த சுபாவம் கிடையாது. நர்சம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். ஜாஸ்திதான். இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு தடுப்பூசிகூடப் போட்டிருக்க முடியாது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். என் ஏரியாவில் கர்ப்பமாக இருக்கும் எல்லோருடைய பெயரும் என் லிஸ்ட்டில் இருக்கும். அதில் பிரஷர், சுகர், ரத்தக் குறைவு என்று ஆபத்து உள்ளவர்களுக்குச் சிவப்புக் குறி. சிவப்புக் குறி விழுந்தவளை வாரா வாரம் நான் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் கேள்வி முதலில் என்னிடம்தான் வரும்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கூட்டிப் போய்விடுவார்கள். அப்போது அவள் பெயரை மாமியார் ஊர் நர்ஸ் தன் டேப்லெட் கம்ப்யூட்டரில் மாற்றி அனுப்ப வேண்டும். அம்மா ஊர் நர்ஸ் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதிலே எங்களுக்குள் ஒரு திருட்டுத்தனம் உண்டு. சிவப்புக் குறி உள்ளவள் ஊரைத் தாண்டும் முன்பே பெயரை அனுப்பிவிடுவோம். அந்தப் பக்கத்து நர்ஸ் என்ன செய்வாள் என்றால், ஏற்றுக்கொள்ளாமல் நாளைக் கடத்துவாள். இதற்குத் 'தள்ளி விடுறது' என்று பெயர். எல்லோரும் செய்வோம். யாரும் வெளியே சொல்ல மாட்டோம்.

நவம்பர் 20, வியாழக்கிழமை. காலை பத்தரைக்குக் கவிப்பிரியா வந்தாள். இருபது வயது, எட்டாம் மாதம். கை நிறைய வளைகாப்பு வளையல். மூன்று நாளாக எழுந்ததிலிருந்து தலைவலி என்றாள். பிரஷர் பார்த்தேன். 150/100. கால் இரண்டும் வீங்கியிருந்தது. சிறுநீரில் உப்பு. இது மூன்றும் சேர்ந்தால் எந்த நேரமும் வலிப்பு வரலாம், தாயும் போவாள், பிள்ளையும் போகும். இன்றைக்கே தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று கூட வந்த மாமியார் ராஜாமணியிடம் சொன்னேன்.

அந்த அம்மாள் கேட்டால்தானே. இன்றைக்குச் சாயந்திரம் அம்மா வீட்டுக்கு அனுப்ப நேரம் குறித்தாயிற்றாம். கவிப்பிரியாவின் அப்பா மாது கடத்தூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறாராம். போகிற பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்றாள். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் அவள் கேட்டதுதான் என்னைச் சுட்டது.

"அவங்க ஊருலயும் நர்சு இருக்குது இல்லீங்க? அவ பாத்துக்க மாட்டாளா? உங்களுக்கு ஏன் இம்புட்டு ஆத்தரம்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. போய்த் தொலையுங்கள், அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று கத்திவிட்டேன். கவிப்பிரியா போகும்போது வாசலில் நின்று என்னையே பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு அப்பாவோடு அவள் கிளம்பிவிட்டதாகக் காதில் விழுந்தது. 108-ஐக் கூப்பிட்டு வழி மறித்திருக்கலாம். குறைந்தபட்சம் அவள் அப்பாவிடம் பேசியிருக்கலாம். செய்யவில்லை. கோபம். சனிக்கிழமை மீட்டிங் வேறு இருந்தது. சிவப்புக் குறியோடு ஒருத்தி லிஸ்ட்டில் இருந்தால் எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். டேப்லெட்டை எடுத்தேன். கவிப்பிரியா பெயரைக் கடத்தூர்ப் பக்கத்து நர்ஸ் நிர்மலாதேவிக்குத் தள்ளி விட்டேன். பதிவேட்டிலும் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தேன்.

அப்போது மணி 5.40.

6.02-க்கு மழை வந்தது. 6.04-க்குக் கரண்ட் போனது. எமர்ஜென்சி விளக்கைப் போட்டுக்கொண்டு பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். மழை அடித்ததில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை.

6.10.

டக்.

வாசலுக்கு வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சு ஒன்று உண்டு. அதற்கு ஒரு கால் குட்டை. யாராவது உட்கார்ந்தால் டக் என்று ஒரு பக்கம் சாயும். எழுந்தால் மறுபடி டக். நாய் ஏறினால் சாயாது, ஆள் பாரம் வேண்டும்.

கதவைத் திறந்தேன். ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். பெரிய வயிறு. மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் தாய் சேய் அட்டை.

ஓ.பி. முடிந்துவிட்டது, எந்த ஊர் என்று எரிந்து விழுந்தேன். பிரஷர் மட்டும் பார்த்துவிடச் சொன்னாள். யார் இங்கே அனுப்பியது என்று கேட்டேன்.

"அந்த ஊரு நர்சம்மாதாங்க. இங்க போவச் சொன்னாங்க."

நிர்மலாதேவிதான் என்று நினைத்தேன். என் ஏரியாவுக்கு ஒருத்தியைத் தள்ளி விட்டிருக்கிறாள், நான் ஒருத்தியைத் தள்ளி விட்டதற்குப் பதிலுக்குப் பதில் என்று நினைத்தேன். மழையில் வயிற்றுப் பிள்ளைக்காரியைத் துரத்த மனசு வரவில்லை. உள்ளே வா என்றேன்.

அவள் எழுந்தாள். பெஞ்சு டக் என்றது.

முதலில் கவனித்தது அவள் புடவை. வெளியே அப்படி மழை. அந்தப் பெஞ்சுக்கு மேலே ஓடு உடைந்து எப்போதும் ஒழுகும். ஆனால் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அட்டை இருந்த உறை மட்டும் உள்பக்கம் வியர்த்திருந்தது.

கட்டிலில் படுக்கச் சொல்லிக் காலைப் பார்த்தேன். நல்ல வீக்கம். கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. வீங்கிய காலில் குழி விழத்தான் செய்யும், கொஞ்ச நேரத்தில் தானாக மேலே வந்துவிடும். நான் டேப்பை எடுத்து வயிற்றை அளந்தேன். 36 சென்டிமீட்டர். எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம் என்பது எங்கள் கணக்கு. முப்பத்தாறு வாரம் என்று துண்டுச் சீட்டில் குறித்தேன். மறுபடி காலைப் பார்த்தேன்.

குழி அப்படியே இருந்தது.

பிரஷர் மெஷினைக் கட்டினேன். காற்று ஏறியது. இறங்கியது. எர்ரர். இன்னொரு முறை. எர்ரர். கரண்ட் இல்லாமல் பேட்டரி போயிருக்கும் என்று பழைய பாதரச மெஷினை எடுத்தேன். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு காற்றை இறக்கினேன். 200... 160... 120... 80... 40...

ஒரு சத்தமும் இல்லை.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று பார்த்தேன். மழைச் சத்தம் கேட்டது.

மணிக்கட்டைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. நாடியைத் தேடினேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கழுத்தில்...

இல்லை.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குழந்தைத் துடிப்பு கேட்கும் டாப்ளர் மெஷினை எடுத்து வயிற்றில் வைத்தேன். பழக்க தோஷம். அடுத்து செய்ய வேண்டியது அதுதான்.

டப்டப்... டப்டப்... டப்டப்...

148.

குழந்தைக்குத் துடிப்பு இருந்தது. அவளுக்கு இல்லை.

மணி 6.31. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. அட்டையை நீட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் பெயரைப் படித்தேன்.

அமுதவல்லி.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். முகத்தைத்தான் நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 10-ஆம் தேதி ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். மாமியார் வீட்டில் சண்டை, ஆறாம் மாதமே புங்கனேரிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். உன் பெயர் என் லிஸ்ட்டில் இல்லை, உங்கள் ஊர் நர்சைப் பார்த்து மாற்றிக்கொண்டு வா என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் நிர்மலாதேவி அவள் பெயரை அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிரஷர் கேஸ் என்று தெரிந்து நான்தான் ஏற்றுக்கொள்ளாமல் வைத்திருந்தேன். அடுத்த நாள் அவள் பெயரை மாற்றுவதற்காகக் கடத்தூர் கிளம்பினாள். பஸ்ஸிலேயே வலிப்பு வந்தது. செத்துப் போனாள். விசாரணை நடந்தது. அனுப்பிவிட்டேன் என்றாள் நிர்மலாதேவி. என்னிடம் வரவில்லை என்றேன் நான். இரண்டு லிஸ்ட்டிலும் அவள் இல்லை. இரண்டு பேரும் தப்பித்தோம்.

அவள்தான் என் கட்டிலில் படுத்திருந்தாள்.

"என்னிய எழுதிக்கோங்க, நர்சம்மா."

குரல் போனில் கேட்ட அதே குரல். ஜெபம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"நீ என் ஏரியா இல்லம்மா..."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை, அழவில்லை.

"அப்ப கவிப்பிரியா?"

நான் சுவர்வரை பின்னால் நகர்ந்தேன்.

"அவ பேரயும் எடுத்துட்டீங்க. இப்ப அவளும் எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

எமர்ஜென்சி விளக்கு அணைந்தது.

டக்.

வெளியே பெஞ்சு. உட்கார்ந்தாளா, எழுந்தாளா தெரியாது. செல்போன் டார்ச்சை அடித்தேன். கட்டில் காலி. பெஞ்சு காலி.

6.38.

அவள் பேயோ பிசாசோ, எனக்கு அப்போது அது இல்லை பிரச்சினை. வாசலில் நின்று என்னைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம்தான் கண்ணில் நின்றது. மாதுவின் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

6.41-க்கு எடுத்தார். பஸ் இரைச்சல். மாரண்டஹள்ளியில் காத்திருந்து ஆறு மணிக்குத்தான் பஸ் கிடைத்ததாம், பாலக்கோடு நெருங்கிவிட்டோம் என்றார். கவிப்பிரியா எப்படி இருக்கிறாள் என்று கத்தினேன். கண் மங்கலாக இருக்கிறதாம், இரண்டு தரம் வாந்தி எடுத்தாளாம், இப்போது தூங்குகிறாளாம்.

"பயப்படாதீங்க நர்சம்மா. பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்து கையப் புடிச்சிக்கிட்டு இருக்குது. அதுவும் மாசமாத்தாங்க இருக்குது."



எப்போது ஏறினாள் என்று கேட்டேன்.

"அதாங்க தெரியல... வழியில வண்டி எங்கயும் நிக்கலயே."

புங்கனேரியிலிருந்து பாலக்கோடு இருபது கிலோமீட்டர். அவள் என்னை விட்டுப் போய் மூன்று நிமிஷம்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பதிவேட்டை இழுத்தேன். இருட்டு. பேனா எங்கேயோ. தடவி எடுத்தேன். கவிப்பிரியா பெயருக்கு மேல் நான் அடித்த கோட்டுக்குக் கீழே அவள் பெயரைத் திரும்ப எழுதினேன். அடுத்த வரியில்...

எழுதினேன்.

அமுதவல்லி. முதல் பிரசவம். 36 வாரம். குழந்தைத் துடிப்பு 148.

தாயின் பிரஷர் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

"நர்சம்மா..." மாதுவின் குரல் மாறியிருந்தது. "அந்தம்மா எழுந்துட்டாங்க... கதவுகிட்ட போறாங்க... எறங்கிட்டாங்க..."

பஸ் நின்றதா என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பாலக்கோட்டிலேயே இறங்குங்கள், ஒரு அடிகூட அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றேன். 108-க்குப் போட்டேன். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி சொன்னேன். தர்மபுரி பிரசவ வார்டுக்குப் பேசி, வலிப்பு வரும் நிலையில் ஒரு தாய் வருகிறாள், ஊசி தயாராக இருக்கட்டும் என்றேன். ராஜாமணிக்குப் போட்டுத் திட்டித் தீர்த்தேன். டேப்லெட்டில் கவிப்பிரியா பெயரைத் திரும்ப என் லிஸ்ட்டுக்கு இழுத்தேன். 6.58-க்கு அவளை வண்டியில் ஏற்றினார்கள். 7.20-க்கு வண்டிக்குள்ளேயே வலிப்பு வந்தது. கூட இருந்த 108 ஊழியர் உடனே ஊசி போட்டார். அன்றே ஆபரேஷன். ஆண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் இன்றுவரை நன்றாக இருக்கிறார்கள். அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மீட்டிங்கில் நிர்மலாதேவியைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் இருவருக்கும் செப்டம்பரிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. செத்தவளை வைத்து என்னிடம் விளையாடுகிறாயா என்று ஆரம்பித்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. முகம் வெளுத்துப் போய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அமுதவல்லி அவளிடமும் வந்திருக்கிறாள். அக்டோபர் 23, வியாழக்கிழமை, சாயந்திரம். அதே அட்டை. எழுதிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள். நிர்மலாதேவி எழுதவில்லை. உங்கம்மா வீட்டு நர்சிடம் போ என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். அவள் யார் மூலமாக என்னிடம் வந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த நாள் காலையில், நிர்மலாதேவி தள்ளி விட்டிருந்த ஒரு பெண் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் செத்துப் போயிருக்கிறாள்.

கடைசியாக நிர்மலாதேவி ஒன்று கேட்டாள். நீ வயிறு அளந்தாயா, எவ்வளவு இருந்தது என்றாள். முப்பத்தாறு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அளந்தப்ப முப்பத்திரண்டு, தெரசா."

செத்தபோது அவளுக்கு இருபத்தாறு வாரம். செப்டம்பர் 11-லிருந்து அக்டோபர் 23 ஆறு வாரம். அங்கிருந்து நவம்பர் 20 நாலு வாரம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

அவள் மூச்சு நின்றுபோனது. வயிறு வளர்வது நிற்கவில்லை.

பதிவேட்டில் அவளை எழுதிய அந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்திருக்கிறேன். கவிப்பிரியாவின் குழந்தை ஞாபகம் வரும். வைத்துவிடுவேன். காகிதத்தில் மட்டும்தான் எழுதினேன், டேப்லெட்டில் நான் ஏற்றவே இல்லை. சத்தியமாக ஏற்றவில்லை.

நேற்று, டிசம்பர் 15, திங்கட்கிழமை, செத்தவளுக்கு நாற்பது வாரம் நிறையும் இந்த வாரத்துக்கு லீவு கேட்டுப் போனேன். எங்கள் மேலதிகாரி அம்மா புதிதாக மாற்றலாகி வந்தவர். பழைய விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். திரையை என் பக்கம் திருப்பினார். இந்த வாரம் பிரசவம் ஆக வேண்டியவர்கள் பட்டியல். புங்கனேரிக்கு நேராக ஒரே ஒரு பெயர். சிவப்புக் குறி. வியாழக்கிழமை, டிசம்பர் 18.

"அமுதவல்லின்னு ஒரு ஹை ரிஸ்க் மதர் உங்க லிஸ்ட்டுல இருக்காங்களே. நீங்க லீவு போட்டுட்டா பிரசவத்துக்கு யாரு இருப்பாங்க?"